மீன்பாடி வண்டியும் ஐம்பத்திரண்டாம் பிரிவும்

சென்னையின் போக்குவரத்து நெரிசலைப் பற்றி யார் பேசத் தொடங்கினாலும் இரண்டாவது வாக்கியத்துக்குள் மீன்பாடி வண்டி வந்துவிடுகிறது. நெரிசலுக்குக் காரணம் அது. சத்தத்துக்கும் புகைக்கும் காரணம் அது. விபத்துக்குக் காரணமும் அதுவே. நாளேடுகளின் வாசகர் கடிதங்கள் முதல் எங்கள் கல்லூரியின் ஆசிரியர் அறைப் பேச்சு வரை இந்தத் தீர்ப்பு மாறுவதில்லை. எதிர்த்து வாதாட வருபவர்களும் உண்டு. அவர்கள் இந்த வண்டியை ஏழையின் படைப்பூக்கம் என்றும் விளிம்புநிலை மக்களின் எதிர்ப்பு அடையாளம் என்றும் கொண்டாடிவிட்டுத் தம் காரில் ஏறி வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவ்விரு தரப்பினரோடும் நமக்குப் பிணக்கு உண்டு. முதல் தரப்பு வண்டியைப் பார்க்கிறது, அதைக் கட்டியவரின் அறிவைப் பார்ப்பதில்லை. இரண்டாம் தரப்பு அறிவைப் புகழ்கிறது, அந்த வண்டிக்கு முன்னால் சாலையைக் கடந்து செல்லும் கிழவியைப் பார்ப்பதில்லை.

வெளியூர் வாசகர்களுக்காகச் சிறு விளக்கம். மீன்பாடி வண்டி என்பது அடிப்படையில் மிதித்து ஓட்டும் மூன்று சக்கரச் சரக்கு வண்டி. காசிமேட்டிலிருந்து மீன் கூடைகளையும் பனிக்கட்டிப் பாளங்களையும் ஏற்றிச் சென்றதால் இந்தப் பெயர். பெயரில் உள்ள 'பாடி' சங்க இலக்கியத்துப் பாடி அன்று. லாரிக்குப் 'பாடி கட்டுவது' என்கிறோமே, அந்தப் பாடி என்றே கொள்ளத் தோன்றுகிறது. மிதிப்பவரின் கால்கள் ஓய்ந்த இடத்தில் எஞ்சின் வந்து சேர்ந்தது. உரிமையாளர் கைவிட்ட புல்லட், ராஜ்தூத், ஸ்கூட்டர் ஆகியவற்றிலிருந்து எஞ்சினை இறக்கி, பட்டறையில் சட்டகத்தை வெட்டி ஒட்டி, அதன்மேல் ஏற்றினார்கள். இன்று அது மீனை மட்டும் சுமப்பதில்லை. இரும்புக் கம்பி, சவுக்குக் கட்டை, சிமெண்டு மூட்டை, வீடு மாற்றுகிறவர்களின் பீரோ என்று வடசென்னையின் பாதிப் பண்டங்கள் அதன்மேல்தான் நகர்கின்றன.

நாங்கள் வசிக்கும் மாத்தூர் மணலிக்கும் மாதவரத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஒருபுறம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும். இன்னொருபுறம் துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் முடிவில்லாத வரிசை. பெருஞ்சாலை லாரிகளுக்கு உரியது. அதன் குழிகளும் அவற்றின் எடையால் உண்டானவையே. உட்தெருக்களோ ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தெரு என்ற பெயருக்கே உரிமை கோர முடியாதவை. 'சாலையற்ற இடத்திலும் செல்லும்' என்று விளம்பரப்படுத்தப்படும் நான்கு சக்கர இழுவை வண்டிகளைப் பத்திரிகைகளில் மலையுச்சியில் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். உண்மையில் சாலையற்ற இடத்தில் அன்றாடம் சுமையோடு ஓடுகிற வண்டி எதுவென்று அறிய விரும்புவோர், மழைக்காலத்தில் எண்ணூர்க் கழிமுகத்து ஓரங்களுக்கும் பக்கிங்காம் கால்வாய்க் கரைகளுக்கும் வந்து பார்க்கலாம்.

*

எஞ்சின் மாற்றுவது என்றவுடன் படித்தவர்கள் மனத்தில் எழும் சித்திரம், ஏதோ ஒன்றை எங்கோ ஒட்டவைக்கும் குருட்டு வேலை என்பது. ஒரு பட்டறையில் அரைநாள் நின்றால் இந்தச் சித்திரம் கலைந்துவிடும்.

பழைய புல்லட் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 346 சி.சி. கொள்ளளவு, 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் பிஸ்டன் 90 மில்லிமீட்டர் ஏறி இறங்குகிறது. விட்டத்தைவிட ஏற்ற இறக்கம் நீளமாக இருப்பதால் குறைந்த சுழற்சியிலேயே அதற்கு நல்ல இழுவை கிடைக்கிறது. சுமை வண்டிக்கு அதை ஏன் தேடினார்கள் என்பதற்கு விடை அந்த இரண்டு எண்களில் இருக்கிறது. ஆனால் மோட்டார் சைக்கிளில் இருந்த பல்சக்கர விகிதம் இங்கே உதவாது. எஞ்சின் பக்கத்துச் சக்கரத்தில் பற்களைக் குறைக்க வேண்டும், அல்லது அச்சின் பக்கத்தில் கூட்ட வேண்டும். வேகம் குறையும், இழுவை கூடும். செயின் ஓடும் கோடு நூல் பிடித்ததுபோல் நேராக இல்லாவிட்டால் முதல் மேட்டிலேயே கழன்றுவிடும். எஞ்சினின் அதிர்வு மிதிவண்டிக்காகப் பிறந்த சட்டகத்தைச் சில வாரங்களில் விரிசல் விடவைக்கும் என்பதால் எந்த இடத்தில் தாங்கு கொடுப்பது, எங்கே இரட்டைக் குழாய் வைப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கும் மேலே வெப்பம் என்ற பிரச்சினை. புல்லட்டின் எஞ்சின் காற்றால் குளிர்வது. வண்டி ஓடும் வேகமே அதற்குக் காற்றைத் தருகிறது. சுமையோடு ஊர்ந்து செல்லும் வண்டியில் அந்தக் காற்று வராது. பழைய ஸ்கூட்டர் எஞ்சினிலும் ஆட்டோ எஞ்சினிலும் தனியே விசிறி உண்டு. ஊர்ந்து இழுக்கும் வேலைக்கு எது ஏற்றது, எதை எத்தனை தொலைவுக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவைக்க வேண்டும் என்பதை வெப்பவியல் படிக்காமலே அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். இது அறிவு. எழுதப்படாததால் அது அறிவு ஆகாமல் போய்விடாது.

ஆனால் இந்த அறிவு முடியும் இடமும் ஒன்று உண்டு. மாத்தூர்ப் பட்டறை ஒன்றில் நாங்கள் கேட்டபோது மேஸ்திரி சொன்ன விடை இது: "இன்ஜின் ஏத்துறது ஒண்ணும் பெரிய வேல இல்ல சார். ஏத்துனத நிக்க வெக்கணும் பாருங்க, அதான் வேல." இயற்பியல் ஆசிரியர் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. எடை இரட்டிப்பானால் நிறுத்துவதற்கு விழுங்க வேண்டிய ஆற்றல் இரட்டிப்பாகிறது. வேகம் இரட்டிப்பானால் அது நான்கு மடங்காகிறது. மனிதக் காலின் வேகத்துக்கென அமைந்த பிரேக்கை வைத்துக்கொண்டு எஞ்சின் தரும் வேகத்தையும் சுமையையும் ஒருசேர நிறுத்த முயல்வதுதான் மீன்பாடி வண்டியின் உண்மையான குறை. கம்பி நீட்டிக்கொண்டு செல்வதும், விளக்கு இல்லாததும், சைலன்சர் பெயரளவுக்கு இருப்பதும் இதற்கு அடுத்த நிலைக் குறைகள். இவற்றை நாம் மறைக்க விரும்பவில்லை. மறைத்தால் இந்தக் கட்டுரைக்கே பொருள் இல்லை.

*

இனிச் சட்டத்துக்கு வருவோம்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி நான்குக்கும் குறைவான சக்கரங்களும் 25 சி.சி.க்கு மேற்படாத எஞ்சினும் உடைய வண்டி மோட்டார் வாகனம் ஆகாது. அதற்கு மேலே போனால் பதிவு வேண்டும். பதிவுக்கு முன்மாதிரி வண்டி ஒன்றை அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தில் நிறுத்தித் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். அத்தகைய நிலையம் ஒன்று சென்னையை அடுத்த ஒரகடத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்த நடைமுறை ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில் செய்து விற்கும் உற்பத்தியாளருக்காக வகுக்கப்பட்டது. ஒரே ஒரு வண்டியைக் கட்டுகிற பட்டறைக்காரர் அந்த வாசலில் போய் நிற்க வழியில்லை.

கட்டிய வண்டியைப் பதிய முடியாது. பதிந்த வண்டியை மாற்றலாமா? அங்கேதான் ஐம்பத்திரண்டாம் பிரிவு நிற்கிறது. 1988இல் அதன் முதல் வடிவம், பதிவு அதிகாரிக்கு அறிவித்து ஒப்புதல் பெற்றால் வண்டியில் மாற்றம் செய்துகொள்ளலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. 2000ஆம் ஆண்டின் திருத்தம் அந்தக் கதவைச் சாத்தியது. உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக்கூடாது என்பது இப்போதைய நிலை. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று விதித்தது.

இந்த இறுகிய பிரிவுக்குள் ஒரு சலுகை இருக்கிறது. அதை இலக்கிய வாசகர்கள் நின்று வாசிக்க வேண்டும். பத்துக்குக் குறையாத போக்குவரத்து வாகனங்களை உடையவர்களுக்கு, அதே தயாரிப்பு, அதே வகை எஞ்சினைப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் இல்லாமலே மாற்றிக்கொள்ள மாநில அரசு அறிவிக்கை மூலம் இசைவு தரலாம். பத்து வண்டி வைத்திருப்பவர் நம்பத் தகுந்தவர். ஒரு வண்டி வைத்திருப்பவர் நம்பத் தகாதவர். பெரிய நிறுவனத்திடம் பணிமனையும் பொறியாளரும் இருப்பார்கள் என்பது இதற்குச் சொல்லப்படக்கூடிய நியாயம். ஏற்றுக்கொள்கிறோம். அப்படியானால் சட்டம் கேட்க வேண்டியது பணிமனை இருக்கிறதா, பொறியாளர் பார்த்தாரா என்பதைத்தானே? வண்டிகளின் எண்ணிக்கையை ஏன் கேட்கிறது?

*

எஞ்சினை ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்கு மாற்றுவது இயல்பிலேயே தவறு என்றால் இந்திய வாகன வரலாற்றின் பெரும்பகுதியைக் குற்றப் பதிவேடாகத்தான் எழுத வேண்டியிருக்கும். நாம் தினமும் ஏறும் ஆட்டோவின் மூதாதை, 1948இல் இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் வெஸ்பா ஸ்கூட்டரின் பின்பகுதியை நீக்கி இரண்டு சக்கரமும் சரக்குத் தட்டும் பொருத்தி உண்டாக்கிய 'ஆப்பே' வண்டி. அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் உடலில் பெட்ரோல் எஞ்சின் இருந்தது. மகிந்திரா நிறுவனம் பின்னாளில் அந்த உடலின் வழித்தோன்றலுக்குள் பிரெஞ்சு பியூஜோ டீசல் எஞ்சினை வைத்து விற்றது. அம்பாசடருக்குள் ஜப்பானிய இசுசு எஞ்சின் புகுந்தது. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்தில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1985இல் பிரிட்டனின் ரோவர் காரின் உடலை வாங்கி, அதற்குள் தன் கையிலிருந்த பழைய வான்கார்டு எஞ்சினின் வழிவந்த ஒன்றைத் திணித்து 'ஸ்டாண்டர்டு 2000' என்று விற்றது. உடல் ஒரு காலத்தது, இதயம் இன்னொரு காலத்தது. சில ஆண்டுகளில் அந்தக் கார் தோற்றுப்போனது. அதைச் செய்தவர்களை யாரும் குற்றவாளி என்று சொல்லவில்லை. வணிகத் தோல்வி என்றார்கள்.

வடசென்னைக்கே வருவோம். திருவொற்றியூரில் 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு தொழிற்சாலை புல்லட்டின் உடலில் 325 சி.சி. லொம்பார்டினி டீசல் எஞ்சினைப் பொருத்தி டீசல் மோட்டார் சைக்கிளாக விற்றது. ஆறரைக் குதிரைத்திறன்தான். ஆனாலும் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மைலேஜுக்காக அதை வாங்கியவர்கள் உண்டு. தொழிற்சாலைச் சுவருக்கு உள்ளே நடந்தால் இது புதிய தயாரிப்பு. அதே சாலையில் சுவருக்கு வெளியே, அதே புல்லட்டை வைத்துக்கொண்டு ஒரு பட்டறையில் நடந்தால் இது குற்றம். இரண்டுக்கும் உள்ள நியாயமான வேறுபாடு ஒன்றே: முன்னது சோதிக்கப்பட்டது, பின்னது சோதிக்கப்படவில்லை. சோதிக்கப்படாமல் போனதற்குக் காரணம், பின்னதைச் சோதிக்க நாம் ஓர் இடத்தையும் ஏற்படுத்தவில்லை என்பது.

திருவொற்றியூர் எஞ்சின் குஜராத்துக்குப் போய் என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். சௌராஷ்டிரத்துப் பட்டறைகள் புல்லட்டின் முன்பாகத்தோடு இரண்டு சக்கரத் தட்டைப் பிணைத்து 'சக்டா' என்ற வண்டியை உண்டாக்கின. அங்கே அது சிற்றூர்ப் போக்குவரத்தின் முதுகெலும்பாயிற்று. ராஜ்கோட்டின் அதுல் ஆட்டோ போன்ற நிறுவனங்கள் அந்த வடிவத்தைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்து முறையாக விற்றன. அம்ரேலி மாவட்டத்தைச் சேர்ந்த மன்சுக்பாய் ஜகானி, தொண்ணூறுகளில் புல்லட்டை உழவுக் கருவியாக மாற்றினார். அவருடைய 'புல்லட் சாந்தி' தேசியப் புத்தாக்க அறக்கட்டளையின் துணையோடு அமெரிக்கக் காப்புரிமை வரை சென்றது. அது வயலில் ஓடுவது, மீன்பாடி வண்டி சாலையில் ஓடுவது, இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். வேறுபாடு உண்மைதான். நாம் சொல்வது, அங்கே ஒருவர் பட்டறைக்குப் போய்ப் பார்த்தார், அளந்தார், எழுதினார், பெயரிட்டார். இங்கே பட்டறைக்குப் போகிறவர்கள் பறிமுதல் செய்வதற்காக மட்டுமே போகிறார்கள்.

*

காசிமேட்டிலேயே இந்தக் கேள்விக்கு இன்னொரு விடை மிதந்துகொண்டிருக்கிறது. அங்குள்ள விசைப்படகுகளில் பலவற்றின் வயிற்றில் இருப்பது அசோக் லேலண்டு எஞ்சின். எண்ணூரில் லாரிக்கென்று பெயர் பெற்ற எஞ்சின் குடும்பம் கடலுக்குத் தக மாற்றப்பட்டு மீன்பிடிக்கப் போகிறது. பிற்காலத்தில் அதிகத் திறனுடைய சீன எஞ்சின்களைச் சிலர் பொருத்தியபோது, அவை கடலை வேகமாகத் துடைத்தெடுக்கின்றன என்று மீனவர்களுக்குள்ளேயே கடுமையான பிணக்கு மூண்டது. அரசு என்ன செய்தது? படகில் எஞ்சினை மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. 2020இன் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறை விதிகள் 240 குதிரைத்திறன் என்று ஒரு வரம்பைக் குறித்தன. அந்த வரம்பு சரியா, அது காக்கப்படுகிறதா என்பது வேறு விவாதம். ஆனால் கடலில் கேட்கப்படும் கேள்வி, எஞ்சின் எவ்வளவு பெரியது என்பது. அந்தப் படகு கரைக்கு வந்து, மீன் இறங்கி, துறைமுக வாசலைத் தாண்டி ஒரு வண்டியில் ஏறியதும் கேள்வி மாறிவிடுகிறது. இந்த வண்டியை யார் கட்டியது?

சாலையிலும் கேள்வியை மாற்றிக் கேட்க முடியும் என்பதற்குச் சான்று தலைநகரிலேயே உண்டு. டெல்லியில் மின்கல ரிக்‌ஷாக்கள் பதிவும் உரிமமும் இல்லாமல் பல்கிப் பெருகின. 2014 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் அவற்றைத் தடை செய்தது. அவ்வாண்டு அக்டோபரில் மத்திய அரசு விதிகளைத் திருத்தியது. 2015இல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தி, 4,000 வாட்டுக்கு மேற்படாத மூன்று சக்கர மின்வண்டிகளுக்குத் தனி வகை ஒன்றை உருவாக்கியது. வேக வரம்பு 25 கிலோமீட்டர். ஓராண்டுக்குள் குற்றம் வகையாயிற்று. மாற்றுத்திறனாளிகளுக்காக மாற்றியமைக்கப்படும் வண்டிகளுக்கும் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு வழியைத் திறந்தது. ஆகவே சட்டம் கல்லில் வெட்டியது அன்று. யார் தட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து அது திறக்கிறது. வடசென்னை வண்டிக்காரர்களுக்குத் தட்டும் வலிமை இதுவரை வாய்க்கவில்லை.

வட இந்தியாவில் பாசன எஞ்சினைப் பொருத்தி ஓட்டும் 'ஜுகாடு' வண்டியும் மோட்டார் வாகனமே, பதிவும் காப்பீடும் வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீதிமன்றம் சொன்னது முழுச் சரி. அதே காலத்தில், 2012இல், அந்த வண்டியின் பெயரைத் தலைப்பாக்கி நிர்வாக இயல் நூல் ஒன்று வெளிவந்தது. சிக்கனப் புத்தாக்கம் என்று பெருநிறுவனக் கருத்தரங்குகளில் அந்தச் சொல் உலவியது. பெயருக்கு மேடை கிடைத்தது. வண்டிக்கு எண் பலகை கிடைக்கவில்லை. கட்டுரையின் தொடக்கத்தில் குறிப்பிட்ட இரண்டாம் தரப்பினரோடு நம் பிணக்கு இதுதான். ஏழையின் அறிவைப் புகழ்வது செலவில்லாத வேலை. அந்த அறிவுக்கு ஒரு பரிசோதனைக் கூடமும் ஒரு சான்றிதழும் கேட்டால் செலவாகும். அதனால் புகழ்ச்சியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

*

தடையை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் உயிர் பற்றியது. அதற்கு நேராகவே விடை சொல்ல வேண்டும். பதிவில்லாத வண்டிக்குக் காப்பீடு இல்லை. அந்த வண்டி மோதி ஒருவர் கால் இழந்தால் இழப்பீட்டுத் தீர்ப்பாயம் வண்டியின் உரிமையாளரைக் கொடுக்கச் சொல்லலாம். அவரிடம் இருப்பதோ காவல் நிலைய வாசலில் துருப்பிடிக்கும் அதே வண்டி மட்டும். மோதுண்டவரும் பெரும்பாலும் அதே தெருவாசியாகவே இருப்பார். ஆக, தடை இருந்தும் வண்டி ஓடுகிற இன்றைய நிலையில் மிக அதிகமாக இழப்பவர் நடந்து செல்பவர். வண்டியைப் பதிவுக்குள் கொண்டுவருவது ஓட்டுநருக்குக் காட்டும் இரக்கம் என்று மட்டும் எண்ணக்கூடாது. அடிபடக்கூடியவருக்கு அது முதல் பாதுகாப்பு.

முற்றாக ஒழித்துவிட்டால் என்ன என்று கேட்பார்கள். 2005இல் டாடா நிறுவனம் கொண்டுவந்த சிறு சரக்கு வண்டிக்கு நம் மக்கள் 'குட்டி யானை' என்று அழகாகப் பெயரிட்டார்கள். அதையும், தொழிற்சாலையில் பிறந்த மூன்று சக்கரச் சரக்கு வண்டிகளையும் வாங்கிக்கொள்ளட்டும் என்பது அவர்கள் யோசனை. வாங்க முடிந்தவர்கள் வாங்கிவிட்டார்கள். முடியாதவர்களுக்கு விலை சில இலட்சங்கள், அதற்கு மேல் வட்டி, அதற்கு மேல் ராயபுரத்துச் சந்துகளின் அகலம். பறிமுதலால் தேவை மறையவில்லை என்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறோம். பறிமுதலான வண்டிக்குப் பதிலாக அடுத்த வண்டி முந்தியதைவிட மலிவாகக் கட்டப்படுகிறது. எப்போது வேண்டுமானாலும் பறிபோகும் என்று தெரிந்த வண்டிக்கு நல்ல பிரேக் வைக்க யார் செலவழிப்பார்கள்? தடை வண்டியைக் குறைக்கவில்லை, வண்டியின் தரத்தைத்தான் குறைத்தது.

நாம் வேண்டுவது பெரிதன்று. 2000ஆம் ஆண்டில் சாத்தப்பட்ட கதவு ஒழுங்கான காவலோடு மீண்டும் திறக்கப்பட வேண்டும். பிரிட்டனில் வீட்டுக் கொட்டகையில் ஒருவர் கட்டும் ஒற்றைக் காரைக்கூடத் தனியாகச் சோதித்துச் சாலைக்கு அனுமதிக்கும் முறை இருக்கிறது. அத்தகைய ஒற்றை வண்டிச் சோதனை இங்கே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தோடு இணைந்து, பட்டறைக்காரர் கொடுக்கக்கூடிய கட்டணத்தில் நடக்க வேண்டும். பிரேக் எத்தனை அடியில் நிறுத்துகிறது, சட்டகம் எவ்வளவு எடை தாங்கும், விளக்கு எரிகிறதா, சத்தம் எவ்வளவு என்பவை அதன் வினாத்தாளாக இருக்கட்டும். வேகத்துக்கும் சுமைக்கும் வரம்பு குறித்து ஒரு தனி வகை ஏற்படட்டும். தேறாத வண்டியைச் சாலையிலிருந்து நீக்கட்டும். அப்போது நீக்குவதற்கு நியாயம் இருக்கும். பழைய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களின் புகையைப் பற்றி ஒருவர் கேட்டால், அவற்றுக்கு இனி இடமில்லை என்பதே நம் விடையும். மின்கலத்துக்கு மாற்ற அங்கீகரிக்கப்பட்ட கருவித் தொகுதிகளைச் சட்டம் ஏற்கெனவே ஒப்புகிறது. அந்த மாற்றத்தைச் செய்யப்போகிற கை, இதுவரை புல்லட் எஞ்சினை ஏற்றிய அதே கைதான். அந்தக் கைக்குப் பயிற்சியும் உரிமமும் கொடுப்பது தொழிற்பயிற்சி நிலையங்களுக்குக் கடினமான வேலையன்று.

*

இதையெல்லாம் இலக்கியப் பக்கத்தில் ஏன் எழுத வேண்டும் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். முதுகலை வகுப்பில் உமணர்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறோம். உப்பு ஏற்றிய வண்டி மேடேறிப் பள்ளம் இறங்கும் வழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று எண்ணி, வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றை அவர்கள் கட்டிச் சென்றதை, ஔவையார் புறநானூற்றின் 102ஆம் பாடலில் பொகுட்டெழினிக்கு உவமையாக்கியிருக்கிறார். ஒரு வண்டிக்காரனின் தொழில் முன்யோசனை ஒரு தலைவனின் பெருமைக்கு அளவுகோலாயிற்று. அந்தப் புலவர் வண்டியின் அடியில் குனிந்து பார்த்திருக்கிறார். பாதையின் மேடுபள்ளத்தை அறிந்திருக்கிறார். அச்சு முறிந்தால் வணிகனுக்கு என்ன நேரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின்னால் வந்த நம் எழுத்தில் மீன்பாடி வண்டி வருகிறது. இல்லை என்று சொல்ல மாட்டோம். வடசென்னை என்று வாசகனுக்கு அறிவிக்க, பின்னணியில் சத்தமிட்டுக் கடந்துபோக, வன்முறைக் காட்சிக்கு நிறம் சேர்க்க வருகிறது. அதன் செயின் எங்கிருந்து எங்கே ஓடுகிறது, பிரேக் ஏன் பிடிக்கவில்லை, பறிமுதலானால் அந்த வாரக் கடனை வீட்டார் எப்படிக் கட்டுவார்கள் என்று குனிந்து பார்த்த பக்கங்கள் மிகக் குறைவு. அரசு அளக்காமல் தடை செய்கிறது. நாம் அளக்காமல் வருணிக்கிறோம். உமணர் வண்டியின் அச்சுக்கு உரை எழுதுகிற நாம், மாத்தூர்ப் பட்டறையின் அச்சுக்குப் பெயர் தெரியாமல் இருப்பதற்குப் பாடத்திட்டத்தைக் காரணம் காட்டிவிட முடியாது.

நகரை அழகுபடுத்தும் அடுத்த இயக்கம் விரைவில் வரும். அப்போது இந்த வண்டிகள் வரிசையாக லாரியில் ஏற்றப்படும் படத்தை நாளேடுகள் வெளியிடும். அந்தப் படத்தைப் பார்க்கும் நண்பர்கள், அந்த வண்டிகளில் ஒன்றையாவது யாராவது ஓட்டி நிறுத்திப் பார்த்தார்களா என்று கேட்க வேண்டும். நாங்கள் கேட்போம்.